குளியலைத் தள்ளிப் போடலாம், பல்லைத் தள்ளிப் போட முடியாது: மனச்சோர்வு நாட்களுக்கு ஒரு கணக்கு

ஐந்து நாள் தொடர்ந்து குளிக்காமல் இருந்திருக்கிறேன், அதுவும் ஒரு தடவை மட்டும் இல்லை. கட்டிலிலிருந்து பத்தடியில் குளியலறை, குழாயைத் திருகினால் சுடுதண்ணீர், கதவில் துவைத்த துண்டு, எல்லாம் இருந்தது. போகத்தான் முடியவில்லை. யாரிடம் சொன்னாலும் "குளிக்கிறதுல என்ன கஷ்டம்?" என்றுதான் கேட்பார்கள் என்று தெரியும், அதனால் தலைவலி, வேலை, சளி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

மனச்சோர்வோடு வாழ்கிற எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். சிலர் உள்ளே நொறுங்கிக் கிடந்தாலும் சட்டையில் ஒரு கசங்கல் இல்லாமல் வெளியே வருவார்கள். ஆனால் ஆகிறவர்களுக்கு "தினமும் குளி, புத்துணர்ச்சியா இருக்கும்" என்ற அறிவுரையால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, அது அவர்களுக்கே தெரியும். முழுசாகச் செய்ய முடியாத நாளில் கால்வாசியாவது செய்ய என்ன வழி, அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும், எது எதற்கு ஈடாகும், எது ஈடாகாது, இந்தக் கணக்குதான் அவர்களுக்கு வேண்டும். பல வருஷம் செய்து பார்த்தும், பாதி இடத்தில் சறுக்கியும் நான் போட்டு வைத்திருக்கும் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

எந்த இடத்தில் நின்றுபோகிறீர்கள்?

1963-ல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும், முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் தாங்களாகவே செய்துகொள்ள வேண்டிய அன்றாட வேலைகளை ஆறாகப் பிரித்து ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நகர்வது, மலஜலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இந்த ஆறில் பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல், கடைசிவரை நிற்பது சாப்பாடு. அவர்கள் பார்த்தது உடல் தளர்ந்தவர்களை, மனம் சோர்ந்தவர்களை இல்லை. இருந்தாலும் இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது, ஏனென்றால் குளியல் என்பது சின்ன வேலை என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்க, அளந்து பார்த்தவர்கள் அதைத்தான் ஆறிலேயே முதலில் கைவிட்டுப் போவது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். எழ வேண்டும், மாற்றுத்துணி தேட வேண்டும், துவைத்தது இல்லை என்றால் அங்கேயே ஒரு முடிச்சு, உடுப்பைக் கழற்ற வேண்டும், குளிரும், தண்ணீரின் சூட்டைச் சரி பார்க்க வேண்டும், தலைக்கு ஊற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும், அத்தனை நேரமும் நிற்க வேண்டும், கண்ணாடியில் நம் முகத்தைப் பார்க்க வேண்டும், துவட்ட வேண்டும், உடுத்த வேண்டும், ஈரத்தலையோடு திரும்பி வந்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார வேண்டும். தெம்பில்லாமை, கவனம் சிதறுவது, சின்ன விஷயத்துக்குக்கூட முடிவெடுக்க முடியாமல் போவது, எதிலும் பிடிப்பு விட்டுப்போவது, உடல் அசைவே மெதுவாகிப்போவது எல்லாம் மனச்சோர்வின் அறிகுறிகளாக மருத்துவக் கையேடுகளிலேயே இருப்பவை. மேலே சொன்ன ஒவ்வொரு படியிலும் இவற்றில் ஒன்று காலைப் பிடித்து இழுக்கும்.

அதனால் எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுகிறது என்று பாருங்கள். எனக்கு ஆரம்பிப்பதில் அறும், ஆரம்பித்துவிட்டால் முடித்துவிடுவேன். என் தோழி ஒருத்திக்கு நிற்பதுதான் பிரச்சினை. இன்னொருவர் ஈரம் உடம்பில் படுவதையே தாங்கமாட்டார். குளிப்பதெல்லாம் சரி, குளித்து முடித்து உடுத்துவதற்குள் உயிர் போய்விடும் என்பவர்களும் உண்டு. நிற்க முடியாதவருக்கு ஸ்டூல் போதும், ஆரம்பிக்க முடியாதவருக்கு அதே ஸ்டூல் குளியலறையில் சும்மா கிடக்கும்.

திரும்பக் கிடைப்பது, கிடைக்காதது

இன்னொரு கணக்கும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிசு. இன்றைக்கு ஒரே ஒரு காரியம்தான் முடியும் என்றால் எதைச் செய்வது?

முன்பெல்லாம் யோசிக்காமல் குளியல் என்று சொல்லியிருப்பேன், ஏனென்றால் நாற்றம்தான் வெட்கத்தைக் கிளப்புவது, அடுத்தவருக்குத் தெரிவது. இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். தோல் மன்னிக்கிற ரகம். கழுவாமல் விட்ட இடத்தில் அழுக்கும் எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து கருப்பாகப் பொருக்குத் தட்டும், அதற்கு டெர்மட்டோசிஸ் நெக்லெக்டா என்று 1995-லேயே பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் சோப்பும் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதுவே உரிந்து போய்விடும். முடி சிக்குப் பிடித்து வெட்டினாலும் வளரும். துணி நாறினால் துவைக்கலாம்.

பல் அப்படி இல்லை. பல்லின் மேல் படிகிற படலம் ஓரிரு நாளிலேயே கெட்டிப்பட ஆரம்பித்துக் காரையாகிவிடும், அப்புறம் பிரஷ்ஷால் அதை அசைக்க முடியாது. ஈறுக்குக் கீழே எலும்பு கரைந்தால் கரைந்ததுதான். குழி விழுந்த சொத்தை தானாக மூடாது. ஒரு கடைவாய்ப் பல்லை நான் அப்படித்தான் இழந்தேன், அந்த வருஷத்தில் நான் குளிக்காமல் விட்ட நாட்களின் தடயம் உடம்பில் எங்கேயும் இல்லை, பல் போன இடம் மட்டும் இன்னும் நாக்கில் தட்டுப்படுகிறது.

ஒரே ஒரு காரியம் என்றால், இரவில் பல் தேய்ப்பது. தினமும் நாலு தடவை குளிப்பவர் யாராவது இதை மறுத்தாலும் என் கட்சி இதுதான்.

இதில் சேராத விதிவிலக்குகள் சில உண்டு. கழிப்பறைக்குப் போய் வந்தபின் கை கழுவுவது எந்த நாளிலும் தள்ளிப்போட முடியாதது. மாதவிடாய் நாட்களும் அப்படித்தான்: டாம்பானை, அதாவது உள்ளே வைக்கும் பஞ்சை, எட்டு மணி நேரத்துக்கு மேல் விடவே கூடாது, நச்சு அதிர்ச்சி நோய் அரிதுதான் என்றாலும் உயிரோடு விளையாடக்கூடியது. அடிக்கடி எழ முடியாத நாளில் மாதவிடாய்க் கப்பும் பீரியட் உள்ளாடையும் கைகொடுக்கும், கப் பன்னிரண்டு மணி நேரம்வரை தாங்கும், உள்ளாடை ரத்தப்போக்கைப் பொறுத்து அந்த அளவுக்கு வரும். எழுந்து மாற்ற வேண்டிய தடவை குறைவதால் எனக்குப் பேடைவிட இவை சௌகரியம், ஆனால் கப்பைக் கழுவும் வேலையை நினைத்தாலே மலைப்பாக இருக்கும் வாரத்தில் பேடுக்கே திரும்பிவிடுவேன்.

குளியல்: முழுசு, பாதி, கால்

நின்று குளிக்கும் முழுக் குளியலை யாரும் குறை சொல்ல முடியாது, முடிந்தால் அதுதான் நல்லது. கேள்வி எப்போது என்பதுதான். காலையில் குளித்தால்தான் குளியல் என்று பலருடைய மண்டையில் ஏறியிருக்கிறது, என் மண்டையிலும் ஏறியிருந்தது. ஆனால் மனச்சோர்வின் ஒரு வகையில் காலைதான் நாளின் மிக மோசமான நேரம், பொழுது சாயச் சாயக் கொஞ்சம் இளகும். அப்படிப்பட்டவர் காலை ஏழு மணிக்குக் குளிக்க முயற்சி செய்வது, மேட்டில் வண்டி தள்ளுகிற மாதிரி. சாயங்காலத்துக்கு மாற்றியதும் எனக்கு வாரத்தில் ஒன்றாக இருந்த குளியல் மூன்றானது, வேறு எதையும் மாற்றவில்லை. கூடவே ஒரு லாபம்: 2019-ல் டெக்ஸஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் 40 முதல் 42.5 டிகிரி வரை சூடான தண்ணீரில் குளித்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து நிமிஷம் முன்னதாகத் தூக்கம் பிடித்தது. பத்து நிமிஷம்தானா என்று தோன்றலாம், கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு அது சும்மா இல்லை. வேலைக்குப் போகிறவர், சாயங்காலம் வீடு திரும்பும்போது சக்கையாகிவிடுகிறவர் என்றால் இது தலைகீழாகிவிடும், அவர் காலையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

உட்கார்ந்து குளிப்பது. இதற்கு இரண்டு வருஷம் முரண்டு பிடித்தேன், "நான் என்ன கிழவியா?" என்று. ஸ்டூல் போட்டு உட்கார்ந்த முதல் நாளே புரிந்துவிட்டது, குளியலில் என்னைத் தின்றதில் பாதி, நிற்பதுதான். மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகள் எழுந்து நின்றால் ரத்த அழுத்தத்தை இறக்கித் தலையைச் சுற்ற வைக்கும், சுடுதண்ணீர் அதைக் கூட்டும். வழுக்காத ரப்பர்க் கால் உள்ள ஸ்டூலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் ஏற்கெனவே சொன்னேன், ஆரம்பிப்பதுதான் உங்கள் முடிச்சு என்றால் இதனால் பெரிய லாபம் இல்லை.

அடுத்தது காக்காக் குளியல். கேலியாகச் சொல்லும் வார்த்தைதான், நான் அதைக் கௌரவமாகவே சொல்வேன். முகம், அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, பின்புறம், பாதம், இத்தனை இடத்துக்கு மட்டும் சோப்பும் தண்ணீரும், வாஷ்பேசின் முன்னாலேயே நின்றோ உட்கார்ந்தோ, நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இது ஏமாற்று வேலை இல்லை. உடம்பு முழுக்க இருக்கிற வியர்வைச் சுரப்பிகளில் பெரும்பாலானவை விடுவது வெறும் உப்புத் தண்ணீர், அதற்குப் பெரிய வாடை கிடையாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கிற வேறு வகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்ததை விடுகின்றன, அதைத் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் நாற்றம் கிளம்புகிறது. படையும் அரிப்பும் சேற்றுப்புண்ணும் வருவதும் தோலோடு தோல் உரசி ஈரம் தங்குகிற மடிப்புகளிலும் கால்விரல் இடுக்கிலும்தான். முதுகையும் முழங்காலையும் இரண்டு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. செலவழிக்கும் தெம்புக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால், இந்தப் பட்டியலில் என் முதல் பரிசு காக்காக் குளியலுக்குத்தான். ஒன்று மட்டும், கழுவியதைவிடத் துடைத்து உலர்த்துவது முக்கியம், குறிப்பாக மடிப்புகளில்.

குளியலறை வரைக்கும்கூடப் போக முடியாத நாளுக்கு இரண்டு வழி. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணி, இல்லையென்றால் பாக்கெட்டில் வரும் ஈரத்தாள், அதாவது வைப்ஸ். மருத்துவமனைகளில் எழ முடியாத நோயாளிகளைப் படுக்கையிலேயே இப்படித்தான் சுத்தம் செய்கிறார்கள், நாமும் அந்த நேரத்தில் நோயாளிதான், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சுத்தத்தில் துணி மேல். ஆனால் அதற்கு யாராவது தண்ணீர் கொண்டுவர வேண்டும், அப்புறம் துணியை அலச வேண்டும், தனியாக இருப்பவருக்கு அதற்குள் பாதி குளியலின் வேலை வந்துவிடும். அதனால் தனியாக இருந்தால் வைப்ஸ், கூட ஆள் இருந்தால் துணி. வைப்ஸில் வாசனையும் மெத்தில்ஐசோதியசோலினோன் என்ற பதப்படுத்தும் பொருளும் சேர்க்காததாகப் பாருங்கள், இந்தப் பதப்படுத்தும் பொருளால் நிறையப் பேருக்குத் தோல் ஒவ்வாமை வந்து, 2013-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமைச் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. தினமும் துடைக்கப்போவதால் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. பயன்படுத்தியதைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள், குழாய் அடைத்துக்கொண்டால் மனச்சோர்வு நாளில் அதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை.

கழுவாத உடம்பின் மேல் செண்ட் அடிப்பதை ஒரு வழியாக நான் சேர்க்கவே இல்லை. இரண்டு வாசனையும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும், அது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். அலுமினிய உப்பு உள்ள, வியர்வையையே கட்டும் ரகம் வேறு கதை, அதை இரவில் காய்ந்த அக்குளில் போட்டால் நன்றாக வேலை செய்யும், காலையில் யோசிக்க வேண்டியதில்லை.

பல்லுக்கு மாற்று உண்டா

உண்டு, ஆனால் குளியலுக்கு இருக்கிற அளவுக்குத் தாராளமாக இல்லை.

முதலில் ஏன் இரவு. தூங்கும்போது எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும், எச்சில்தான் வாயில் உண்டாகும் அமிலத்தைக் கழுவி ஈடுகட்டுவது. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பலவும், பழைய வகை ரொம்பவே, வாயை உலர்த்திவிடும். வறண்ட வாய், படுக்கப்போகும்முன் தின்ற இனிப்பு, தேய்க்காத பல், இந்த மூன்றும் சேர்ந்தால் சொத்தைக்குக் கம்பளம் விரித்த மாதிரி. காலையில் தேய்ப்பது அடுத்தவருக்காக, இரவில் தேய்ப்பது பல்லுக்காக என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாஷ்பேசின் முன்னால் நின்று இரண்டு நிமிஷம், அதுதான் முறை. முடியவில்லையா, கட்டிலிலேயே உட்கார்ந்து தேய்க்கலாம். தலைமாட்டில் ஒரு டம்ளர், பிரஷ், பேஸ்ட், துப்ப ஒரு கிண்ணம். இதில் ஒரு நல்ல செய்தி, தேய்த்தபின் வாய் கொப்பளிக்கவே வேண்டாம், துப்பினால் போதும், பேஸ்டில் உள்ள ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும் என்று பல் மருத்துவர்களே சொல்கிறார்கள். சோம்பேறி வழியும் சரியான வழியும் ஒன்றாக அமைகிற இடம் வாழ்க்கையில் குறைவு, இது அதில் ஒன்று. பேஸ்டின் நுரையும் காரமும் குமட்டுகிறது என்றால் நுரை வராத, காரம் குறைந்த ரகம் கிடைக்கிறது, குழந்தைகள் சுவையில்கூட வாங்கலாம், ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்குக் குறையாமல் இருந்தால் சரி, 1350-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. பேஸ்டே வேண்டாம், வெறும் பிரஷ்தான் முடியும் என்றால் அதுவும் கணக்கில் சேரும், படலத்தைக் கலைப்பது பிரஷ்ஷின் உரசல்தான். ஃபுளோரைடு மட்டும் கிடைக்காமல் போகும்.

கைப் பிரஷ்ஷா, எலெக்ட்ரிக்கா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-ல் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது: மூன்று மாதத்துக்குள் எலெக்ட்ரிக் பிரஷ் 11 சதவீதமும், அதற்கு மேல் 21 சதவீதமும் படலத்தைக் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் அந்தச் சதவீதத்துக்காக நான் மாறவில்லை. பித்தானை அழுத்திவிட்டால் அதுவே ஓடுகிறது, இரண்டு நிமிஷம் ஆனதும் அதுவே நிற்கிறது, கையை ஆட்டும் வேலையும் நேரத்தை எண்ணும் வேலையும் என்னிடம் இல்லை. எதிர்ப்பக்கம், சார்ஜ் போட மறந்தால் அது ஒரு பிளாஸ்டிக் கட்டை, மனச்சோர்வு வாரத்தில் மறப்பது நிச்சயம். அதனால் பக்கத்தில் ஒரு சாதாப் பிரஷ்ஷும் இருக்கிறது. கையில் காசு இறுக்கமாக இருந்தால் சாதாப் பிரஷ்ஷே ஐந்தாறு வாங்கி வீட்டில் நீங்கள் உட்காரும் இடத்திலெல்லாம் ஒன்று வையுங்கள், என் அனுபவத்தில் அதுவும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.

மவுத்வாஷ் பிரஷ்ஷுக்கு ஈடு இல்லை. ஒட்டியிருக்கும் படலத்தைத் தண்ணீர் மாதிரியான ஒன்று பிரித்தெடுக்காது. குளோர்ஹெக்சிடின் உள்ளது கிருமியை நன்றாகவே அடக்கும், ஆனால் தொடர்ந்து சில வாரம் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும், அதை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதுதான் சரி. சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஒன்றுமே முடியாத நாளில் எச்சிலை ஊற வைக்கும், வறண்ட வாய்க்கு ஆறுதல், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை, நல்ல நாட்களில்கூட எனக்கு அது வருவதில்லை.

முடியும் துணியும்

முடிக்கு மூன்று வழி பார்த்திருக்கிறேன். ஒட்ட வெட்டிக்கொள்வது, தளரப் பின்னிப்போட்டு அப்படியே விடுவது, டிரை ஷாம்பூ. டிரை ஷாம்பூவில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, எண்ணெயை உறிஞ்சி முடியைச் சுத்தமாகக் காட்டும், மண்டைத்தோலில் உள்ள அழுக்கு அங்கேயேதான் இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் ஆள் முன்னால் போய் நிற்க உதவும், அதையே மூன்று வாரம் நம்பியிருந்து நான் பொடுகும் அரிப்புமாக அவதிப்பட்டேன், பிறகு பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இரண்டு தடவை தேய்த்துச் சில நிமிஷம் ஊறவிட்டுக் கழுவித்தான் அடங்கியது. தளரப் பின்னுவது செலவில்லாத காப்பீடு, படுத்தே கிடந்தாலும் முடி தலையணையில் உரசிச் சடையாகாது. சடை பிடித்துவிட்டால் கண்டிஷனரை நிறையப் போட்டு, நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும், ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று இல்லை, ஒரு பாட்டு முடியும் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒட்ட வெட்டுவதுதான் நெடுநாள் நோக்கில் மிக லகுவானது, இருந்தாலும் அந்த முடிவை ஆக மோசமான வாரத்தில் எடுக்க வேண்டாம். என் தோழி அப்படி எடுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாரம் நினைவுக்கு வருகிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துணிக்கு ஒரே வரி: உள்ளாடையும் தலையணை உறையும் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கிவிடுங்கள், மற்றது மெதுவாக நடக்கட்டும். வீட்டில் போட்டுக்கொள்ள பாலியெஸ்டரைவிடப் பருத்தி நல்லது, வியர்வை வாடை பாலியெஸ்டரில் அதிகமாக வருவதை 2014-ல் பெல்ஜியத்தில் ஆட்களை உடற்பயிற்சி செய்ய வைத்து அவர்கள் சட்டையை முகர்ந்து பார்த்தே உறுதி செய்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு என் அனுதாபம்.

நேரம், கொக்கி, ஆள்

வழி தெரிந்தாலும் கை எழாதே, அதற்கு என்ன? இங்கேயும் ஒப்பிட்டுப் பார்க்க மூன்று இருக்கிறது.

கால அட்டவணை. எட்டு மணிக்குப் பல், ஒன்பதுக்குக் குளியல் என்று எழுதி ஒட்டுவது, போனில் தொடர்ச்சியாக எத்தனை நாள் செய்தோம் என்று எண்ணும் செயலி வைப்பது. எனக்கு இது நல்ல நாட்களில் வேலை செய்தது, அதாவது தேவைப்படாத நாட்களில். பன்னிரண்டு நாள் தொடர்ந்து செய்து பதின்மூன்றாம் நாள் விட்டதும் திரையில் பூஜ்யம் வந்து நின்றது, அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பிரஷ்ஷைத் தொடவில்லை. செயலியை அழித்துவிட்டேன்.

கொக்கி. நாள் எப்படிப் போனாலும் தானாக நடந்துவிடுகிற ஒன்றில் இதை மாட்டிவிடுவது. "இரவு மாத்திரை போட்டதும், டம்ளரை வைக்கும் கையாலேயே பிரஷ்ஷை எடுப்பேன்." இப்படி, இது நடந்தால் அது என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது வெறும் தீர்மானத்தைவிட நன்றாக நிற்கும் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்தே காட்டிவருகிறார். அந்த நேரத்தில் முடிவெடுக்க எதுவும் மிச்சம் இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம் என்று நினைக்கிறேன். மூன்றில் எனக்கு அதிக நாள் தாக்குப்பிடித்தது இதுதான்.

இதோடு சேர்ந்தது, மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருக்காமல் சின்னதாகச் செய்துவிட்டு மனம் பின்னால் வருகிறதா என்று பார்ப்பது. செயலூக்கச் சிகிச்சை என்று இதற்கே ஒரு முறை இருக்கிறது, 2016-ல் இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடந்த கோப்ரா ஆய்வில் அது, பேசிப் பேசி எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. ஆனால் அதைக் கற்றுத் தருவதற்கு ஒருவர் கூட இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. "போய்க் குளி, எல்லாம் சரியாப் போயிடும்" என்று வாசலில் நின்று சொல்வதற்கு அந்தப் பெயர் கிடையாது.

அப்புறம் ஆள். இது ரெண்டு பக்கமும் வெட்டும் கத்தி. ஒருவர் வந்து "என்ன இப்படி நாறுது?" என்றால் அன்றைக்குக் குளிக்கலாம், மறுநாளிலிருந்து அவர் கண்ணில் படாமல் இருக்கத்தான் தோன்றும். "கூழானாலும் குளித்துக் குடி" என்பதையும் அந்தத் தொனியில்தான் எடுத்து வீசுவார்கள். என் அக்கா வேறு மாதிரி. ஒரு நாள் அறைக்குள் வந்தவள் எதுவும் கேட்கவில்லை. "தண்ணி சூடா இருக்கு, துண்டு கதவுல போட்டுட்டேன், ஸ்டூல் உள்ள இருக்கு. நான் வெளிய உக்காந்து போன்ல பேசிட்டு இருக்கேன், அவசரமில்ல" என்றாள். துண்டு, சூடு, ஸ்டூல் என்று என் சங்கிலியில் மூன்று கண்ணியை அவளே முடித்துவிட்டாள், எனக்கு மிச்சம் வைத்தது நடப்பது மட்டும். நான் அரைமணி நேரம் கழித்துத்தான் போனேன், அவள் இன்னும் யாரிடமோ பேசிக்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் இருப்பவர்கள் எதைச் செய்வது என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: செய்யச் சொல்லாதீர்கள், அதற்கு முன்னால் உள்ள படிகளைச் செய்து வையுங்கள்.

மருத்துவரிடம்

மேலே சொன்ன எதுவும் சிகிச்சைக்கு மாற்று இல்லை, சிகிச்சை பலன் தரும்வரை உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வழிகள். மாத்திரை பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தோ எதிலும் ஒட்டாமலோ கிடந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு எல்லாம் ஆட்டம் கண்டிருந்தால் இன்னும் போகாதவர்கள் போய்விடுவது நல்லது. தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் இதே முகத்தோடு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தாலும் தட்டாதீர்கள். வயதானவர் ஒருவர் திடீரென்று குளிப்பதை விட்டால் மனச்சோர்வுதான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது, மறதி நோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். சாப்பாடும் தண்ணீரும்கூட இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது நாளைக்கு என்று வைக்கக்கூடிய விஷயமே இல்லை, அன்றைக்கே, அவசரப் பிரிவுக்கே, பக்கத்தில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு.

போகும்போது எத்தனை நாளாகக் குளிக்கவில்லை, எத்தனை நாளாகப் பல் தேய்க்கவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். முதல் மூன்று சந்திப்பில் நான் இதை மறைத்தேன், அதுவும் மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்றைக்கு மட்டும் அடித்துப்பிடித்துக் குளித்துத் தலைவாரிப் போய் உட்கார்ந்தால் அவருக்கு எப்படித் தெரியும், "பரவாயில்லாமல் இருக்கீங்களே" என்றார். நாலாவது தடவை வாயால் சொல்ல வராமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: குளியல் ஐந்து நாள் இல்லை, பல் மூன்று நாள் இல்லை, தலை பதினொரு நாள். அவர் படித்துவிட்டு முகம் சுளிக்கவில்லை, மருந்தின் அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பல் மருத்துவரிடமும் இப்போது அதே தாள் முறைதான், மேலே ஒரு வரி கூடுதலாக: "திட்ட வேண்டாம், எனக்குத் தெரியும்."